பொறியும் பொறையும்

ஆனியும் ஆடியும் குற்றாலத்திற்கு உரிய திங்கள்கள். திரிகூடமலையின் உச்சியில் முகில் தவழ, தென்காசித் தெருக்களில் சாரல் தூவும். அருவியாட வருவோருள் இளைஞர் பலர் மோட்டார் சைக்கிளில் வருவர். நீராடிய பின் செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவு மலைப்பாதையில் ஏறி இயற்கை வளம் கண்டு மகிழ்வர். வளைந்து வளைந்து ஏறும் அப்பாதையே வண்டியின் உண்மையான வலிமையைச் சோதிக்கும் உரைகல் ஆகும்.

என்னிடம் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன் தன் தந்தையார் வைத்திருந்த பழைய புல்லட் வண்டியைப் பெற்றான். அதன் வேகம் அவனுக்குப் போதவில்லை. காற்று வடிகட்டியை அகற்றினான். சைலன்சரைக் கழற்றித் திறந்த குழாய் ஒன்றைப் பொருத்தினான். சிலிண்டரின் தலைப்பகுதியைத் தேய்த்து மெலிதாக்கினான். சமவெளிச் சாலையில் வண்டி காற்றெனப் பறந்தது. மறுநாள் நண்பனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புளியரையைக் கடந்து மலையேறினான். பாதி வழியில் பொறி திடீரெனப் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் சுழலாமல் நின்றது. வண்டி சறுக்கி வீழ்ந்தது. நண்பனின் கை முறிந்தது. பின்னால் லாரி ஒன்று வந்திருப்பின் இருவர் உயிரும் பிழைத்திரா.

வண்டியைப் பிரித்துப் பார்த்த முதிய மெக்கானிக், “தம்பி, குதிரையின் ஓட்டத்தைக் கூட்டினாய், கொள்ளைக் கூட்டவில்லையே!” என்றார். அவ்வொரு சொல்லில் ஒரு நூலின் பொருள் அடங்கியுள்ளது. அதனை விரித்துக் காண்போம்.

எஞ்சின் எனப்படும் பொறி நான்கு செயல்களை மாறிமாறிச் செய்கின்றது. பிஸ்டன் கீழிறங்கும்போது காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை உள்ளே இழுக்கிறது. மேலேறும்போது அதனை அழுத்துகிறது. மின்பொறி பட்டுக் கலவை எரிய, அவ்விசையால் மீண்டும் கீழே தள்ளப்படுகிறது. இறுதியில் எரிந்த புகையை வெளியேற்றுகிறது. ஆகவே ஆற்றலைப் பெருக்கும் வழிகள் நான்கே எனலாம். கலவை தடையின்றிப் புகவும் புகை வெளியேறவும் செய்தல் ஒன்று. சிலிண்டரைப் பெரிதாக்கல் இரண்டு. அழுத்தத்தை மிகுத்தல் மூன்று. சுழற்சியை விரைவாக்கல் நான்கு.

இவை ஒவ்வொன்றிற்கும் நாம் செலுத்த வேண்டிய விலை உண்டு. காற்று மட்டும் மிகுந்து பெட்ரோல் மிகாவிடின் கலவை மெலியும். பாரம் இழுக்கும்போது மெலிந்த கலவை பொறியின் வெப்பத்தைப் பெருக்கும். அம்மாணவன் காற்றின் வழியை அகலமாக்கினான். கார்பரேட்டரில் பெட்ரோல் விடும் ஜெட்டை மாற்றினானில்லை. அழுத்தத்தையும் கூட்டியதால் வெப்பம் மேலும் மிகுந்தது. மலையேற்றத்தில் வண்டி மெல்லச் செல்லுமாதலால், பொறியின் செதில்களைக் குளிர்விக்கும் காற்றும் குறைந்தது. பழைய புல்லட்டின் பிஸ்டன் அலுமினியத்தால் ஆனது, சிலிண்டரோ வார்ப்பிரும்பு. வெப்பத்தால் அலுமினியம் இரும்பினும் மிகுதியாக விரியும். இரண்டிற்கும் இடையேயுள்ள மயிரிழை இடைவெளி மறைந்தது; பிஸ்டன் சிக்கிக்கொண்டது. இதுவே நடந்தது.

சுழற்சியை விரைவாக்குவதில் மற்றோர் இடர் உண்டு. சுழற்சி இருமடங்கானால் பிஸ்டனின் ஓட்டத்தால் தண்டின்மேல் விழும் விசை நான்கு மடங்காகும். இரண்டு மூட்டை தாங்கிய தோள்மீது எட்டு மூட்டையை ஏற்றுவது போன்றது இது.

அங்ஙனமாயின் ஆற்றலைப் பெருக்கவே இயலாதோ? இயலும். அதற்கு நம் தமிழ்நாடே சான்று. இங்கிலாந்தின் ரெடிச் நகரில் தோன்றிய ராயல் என்ஃபீல்டு வண்டி, 1955 ஆம் ஆண்டு முதல் சென்னையில் உருவாகத் தொடங்கியது. இந்தியப் படைக்கெனப் பெரும் எண்ணிக்கையில் வாங்கப்பட்ட அப்புல்லட்டின் சிலிண்டர் 70 மில்லிமீட்டர் அகலமும், பிஸ்டன் நகரும் நீளம் 90 மில்லிமீட்டரும் உடையன. வட்டத்தின் பரப்பை நீளத்தால் பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 346 கன சென்டிமீட்டர் வரும். அதன் ஆற்றல் ஏறத்தாழ 18 குதிரைத்திறன். பின்னர் அகலத்தை மட்டும் 84 ஆக்கி 499 கன சென்டிமீட்டர் கொண்ட பொறியையும் செய்தனர்.

2020 இல் வெளிவந்த மீட்டியோர் 350 என்னும் வண்டியின் பொறி 349 கன சென்டிமீட்டர் உடையது. ஆற்றலோ 20 குதிரைத்திறனைச் சற்றே கடந்தது. அறுபத்தைந்து ஆண்டுகளில் கூடியது இரண்டு குதிரைத்திறன் மட்டுமோ என்று நகைக்கற்க. அவ்வாண்டுகளில் எண்ணெய் ஓட்டமும் குளிர்விப்பும் செம்மை பெற்றன. அதிர்வைத் தணிக்கும் தண்டு சேர்ந்தது. பெட்ரோலை அளந்து தெளிக்கும் மின்கருவி வந்தது. பெற்ற அறிவின் பெரும்பகுதியைப் பொறியாளர் வேகத்திற்கன்றிப் பொறைக்கே செலவிட்டனர்.

மிகுந்த ஆற்றல் வேண்டியபோது அவர்கள் பழைய பொறியை வருத்தவில்லை. புதிய பொறியே வகுத்தனர். 2018 இல் வந்து, பின்னர் சூப்பர் மீட்டியோர் என்னும் நெடும்பயண வண்டியிலும் அமைந்த 648 கன சென்டிமீட்டர் பொறி இரு சிலிண்டர்களை உடையது. ஏறத்தாழ 47 குதிரைத்திறன் தருவது. அதில் பிஸ்டன் நகரும் நீளம் 67.8 மில்லிமீட்டரே. நடக்கும் தொலைவு குறுகியதால், பிஸ்டன் அளவு கடந்து ஓடாமலே பொறி விரைந்து சுழல முடிகிறது. சுமையை இருவர் பகிர்ந்து சுமப்பதும் இதுவே.

தம் வண்டியைச் செம்மை செய்ய விரும்புவோர் கொள்ளத்தக்க முறை எளிது. முதலில் உள்ள வலிமையை மீட்க வேண்டும். எண்ணெய் மாற்றி, வால்வு இடைவெளியைச் சரிசெய்து, அடைபட்ட காற்று வடிகட்டியைப் புதுப்பித்தால், இழந்த ஆற்றல் பெரும்பாலும் திரும்பும். அடுத்து, ஒருகால் ஒரு மாற்றமே செய்தல் வேண்டும். மூன்றாவதாக, ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைக் காண்க: இளம்பழுப்பு நலம், வெண்மை மெலிந்த கலவையின் அறிகுறி, கரி படிந்தால் பெட்ரோல் மிகை. நான்காவதாக, வேகம் கூடுமுன் பிரேக்கின் வலிமை கூடட்டும். 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது என்பதையும் மறவற்க.

வள்ளுவர் வலியறிதல் என ஓர் அதிகாரமே வகுத்தார். அஃது அரசர்க்கு மட்டும் உரியதன்று. சாவியைக் கையில் ஏந்தும் இளைஞர்க்கும் உரியது. என் மாணவன் இன்று தென்காசியில் பழுது நீக்கும் தொழில் செய்கின்றான். வேகம் கேட்டு வருவோரிடம் அவன் முதலில் கேட்பது, “தம்பி, எண்ணெய் மாற்றி எத்தனை நாளாயிற்று?” என்பதே.