உதட்டுக்கு ஊசி: ‘பிடிக்காவிட்டால் கரைக்கலாம்’ என்பது எவ்வளவு உண்மை?

ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கிவிட்டன. நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்திறங்குபவர்களையும் கல்யாணப் பெண்களையும் குறிவைத்து, ‘உதட்டுச் சீரமைப்பு, இந்த மாதம் 31 வரை மட்டும் சலுகை’ என்ற விளம்பரங்கள் முகநூலிலும் ரிக்ரொக்கிலும் ஓடுகின்றன. அந்த 31ஆம் திகதிதான் வாசகர்களைப் பதற வைத்திருக்கிறது. “என்ர மூத்த பிள்ளைக்குச் சிரிக்கேக்கை மேல்ச்சொண்டு ஒரு பக்கம் ஏறுது. ஊசி போட்டால் சரிவருமாம். பிடிக்காட்டி கரைச்சும் விடலாமாம். உண்மையோ?” என்று சாவகச்சேரியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். போட்டொக்ஸும் ஃபில்லரும் ஒன்றுதானே என்கிறார் பருத்தித்துறை வாசகர் ஒருவர்.

ஒன்றல்ல. போட்டொக்ஸ் தசையைத் தளர்த்தும். ஃபில்லர் பள்ளத்தை நிரப்பும். சாவகச்சேரித் தாயின் கேள்விக்கான பாதி விடை இதிலேயே இருக்கிறது. வாயை மூடியிருக்கும்போது நேராக இருக்கும் உதடு சிரிக்கும்போது மட்டும் கோணினால், அது தசையின் அல்லது நரம்பின் வேலை. அங்கே ஃபில்லரை எவ்வளவு ஏற்றினாலும் கோணல் கொஞ்சம் பருமனாகுமே தவிர நேராகாது. சும்மா இருக்கும்போதே ஒரு பக்கம் மெல்லியதாக இருந்தால், அது உதட்டின் குறையாக இருக்கலாம், பழைய தழும்பாக இருக்கலாம், உள்ளே வரிசை தப்பிய பல்லாகவும் இருக்கலாம். பல்லுக்குக் கம்பி போட வேண்டிய பிள்ளைக்கு உதட்டில் ஊசி போடுவது வீண் செலவு. கைபேசியை முகத்தருகே பிடித்து எடுத்த செல்ஃபியை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யாதீர்கள். அவ்வளவு கிட்டத்தில் எந்த முகமும் கோணித்தான் தெரியும். கண்ணாடியில் இத்தனை வருடம் இடவலம் மாறிப் பார்த்துப் பழகிய முகம் படத்தில் திரும்பி நிற்கும்போது இன்னும் கோணலாகத் தோன்றும்.

இனி, ‘கரைக்கலாம்’ என்ற பேச்சுக்கு வருவோம். கடிதங்களில் அதிகம் வந்த சொல் அதுதான். சலுகையை விற்பதும் அதுதான்.

உதட்டு ஃபில்லர்களில் பெரும்பாலானவை ஹயலூரோனிக் அமிலத்தாலானவை. இது நமது தோலிலேயே இருக்கும் பொருள். நீரை இழுத்துப் பிடித்து வைக்கும். ஆனால் உடல் இதை ஓரிரு நாளில் சிதைத்துவிடும். ஆகவே தொழிற்சாலையில் பி.டி.டி.இ. என்ற இரசாயனத்தால் அதன் இழைகளை ஒன்றோடொன்று பின்னிவிடுகிறார்கள். பின்னிய இழை நமது நொதிகளுக்கு இலகுவில் அகப்படாது. ஆறு மாதமோ ஒரு வருடமோ நிற்கும், எம்.ஆர்.ஐ. படங்களில் சிலருக்கு அதற்குப் பல வருடம் பிறகும் தெரிந்திருக்கிறது. அதே வகை நொதியை, ஹயலூரோனிடேஸ் என்ற பெயரில், பெரிய அளவில் ஊசியாக ஏற்றினால் இந்தப் பின்னல் சில மணி நேரத்தில் கழன்றுவிடும். பூட்டையும் திறப்பையும் சேர்த்தே செய்திருக்கிறார்கள். கெட்டித்தனம்தான், மறுப்பதற்கில்லை.

சிக்கல், அந்தத் திறப்பு யார் கையில் இருக்கிறது என்பதில்தான்.

உங்கள் கீழுதட்டை விரலால் ஒரு கணம் அழுத்திவிட்டு எடுத்துப் பாருங்கள். வெளிறிய இடம் இரண்டொரு விநாடியில் மறுபடி சிவக்கும். அந்தச் சிவப்பைக் கொண்டு வருபவை மேலும் கீழும் உதட்டுக்குள் ஓடும் நாடிகள். அவை எல்லோருக்கும் ஒரே ஆழத்தில் ஓடுவதில்லை; ஒரே ஆளின் இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட வேறுபடலாம். ஊசியின் நுனி தவறி நாடிக்குள் போனால், அல்லது வெளியே ஏறிய ஃபில்லர் நாடியை நெரித்தால், இரத்த ஓட்டம் நின்றுவிடும். முதலில் உதடு வெளிறும். பிறகு வலை பின்னியதுபோல் ஊதா நிறம் படரும், வலிக்கும். மரக்கச் செய்யும் மருந்து பூசியிருந்தால் வலியும் தெரியாது. விட்டால் கொப்புளம், கருமை, கடைசியில் சதை அழுகல். மிக அரிதாக அந்த ஃபில்லர் நாடிவழியே பின்னோக்கிப் போய்க் கண்ணின் நாடியை அடைத்து, பார்வையைப் பறித்ததும் உண்டு.

இதிலிருந்து மீள்வதற்கு அதே ஹயலூரோனிடேஸ்தான் வேண்டும். அதுவும் உடனே, பெரிய அளவில், நிறம் திரும்பும்வரை திரும்பத் திரும்பப் போட வேண்டும். அதற்கே ஒவ்வாமை வரக்கூடும் என்பதால் பக்கத்தில் அட்ரீனலினும் இருக்க வேண்டும். உதடு வெளிறியதை ‘வீக்கம், ஐஸ் வையுங்கோ’ என்று வீட்டுக்கு அனுப்பாமல், இது நாடியடைப்பு என்று கண்டுபிடிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். ‘பிடிக்காட்டி அடுத்த மாதம் வாங்கோ, கரைச்சு விடுவம்’ என்பவர்கள் பேசுவது வடிவத்தைப் பற்றி. நாடி அடைபட்டால் அடுத்த மாதம்வரை உதடு காத்திருக்காது. ஆகவே, விலை கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கரைக்கும் மருந்து இப்போது இந்த அறையில் இருக்கிறதா? இருந்தால் காட்டச் சொல்லுங்கள். காலாவதித் திகதியையும் பாருங்கள்.

ஏற்றிய பொருள் ஹயலூரோனிக் அமிலமாக இல்லாவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. திரவ சிலிக்கனை எந்த நொதியாலும் கரைக்க முடியாது. வெட்டித்தான் எடுக்க வேண்டும், அதையும் முழுதாக எடுக்க முடியாது. போட்டொக்ஸையும் கரைக்க வழியில்லை. வாயைச் சுற்றித் தவறான தசையில் பட்டுவிட்டால் மாதக்கணக்கில் உறிஞ்சிக் குடிக்க முடியாது, ‘ப’வும் ‘ம’வும் வழுக்கும்.

இன்னொரு சங்கதி. ஃபில்லர் வழக்கமாக ஒரு மில்லிலீற்றர் சிறிஞ்சில் வருகிறது, அதாவது தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு பக்க மெலிவை நிரவ அதில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு போதும். ஆனால் காசு முழுச் சிறிஞ்சுக்கும். காசு கொடுத்தவர் மிச்சத்தை விட்டுப்போக விரும்பமாட்டார். போடுபவரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார். கோணலைத் திருத்தப் போனவர்கள் ஊதிய உதட்டோடு திரும்புவது பெரும்பாலும் இந்தக் கணக்கினால்தான். அதைவிட மோசம், மிச்சத்தை எடுத்து வைத்து அடுத்தவருக்குப் போடுவது. சிறிஞ்சின் உறை உங்கள் கண்முன்னே உடைபட வேண்டும்.

‘அனுமதி பெற்ற நிலையம்’ என்கிறார்களே? எந்த அனுமதி என்று கேளுங்கள். மாநகர சபையோ பிரதேச சபையோ கொடுக்கும் வியாபார உரிமத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். அது கடை நடத்துவதற்கு, ஊசி போடுவதற்கல்ல. தனியார் சிகிச்சை நிலையம் என்றால் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் சுகாதாரச் சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபையில் பதிவு வேண்டும்; ஊசி போடுபவரின் பெயர் இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் இருக்க வேண்டும். மருந்தையும் சாதனத்தையும் பதிவு செய்வது 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபை. அந்தப் பதிவு இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2023இல் அரச வைத்தியசாலைகளுக்கே தரமற்ற இம்யூனோகுளோபியூலின் ஊசிமருந்து போய்ச் சேர்ந்ததும், அது தொடர்பில் 2024 பெப்ரவரியில், முன்னர் சுகாதார அமைச்சராக இருந்த கெஹெலிய ரம்புக்வெல்ல கைதானதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. பதிவு இல்லாத மருந்து நிச்சயமாக வேண்டாம். பதிவு உள்ளது என்பதோடு கேள்விகளை நிறுத்தவும் வேண்டாம்.

‘அமெரிக்க எஃப்.டி.ஏ. (உணவு, மருந்து நிர்வாகம்) அங்கீகாரம்’ என்பது இன்னொரு அலங்காரப் பேச்சு. ரெஸ்டிலேன் என்ற ஃபில்லருக்கு 2011இல் உதட்டுக்கென அங்கீகாரம் கொடுத்தபோது, 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று எஃப்.டி.ஏ. வரையறுத்தது. பதினெட்டு வயதுப் பிள்ளைக்குப் போடுபவர் அந்தப் பெயரைச் சொல்வதில் அர்த்தமில்லை. ஊசியே இல்லாமல் அழுத்தத்தால் உதட்டுக்குள் ஜெல்லைச் செலுத்தும் ‘ஹயலூரோன் பேனா’வைப் பற்றி அதே எஃப்.டி.ஏ. 2021 ஒக்டோபரில் எச்சரிக்கையே விடுத்தது. எவ்வளவு ஆழத்துக்குப் போகிறது என்பது அதைப் பிடித்திருப்பவருக்கே தெரியாது.

பிறவியில் உதட்டுப்பிளவு இருந்து தைக்கப்பட்டவர்களின் விடயம் வேறு. (கர்ப்பிணி கிரகணம் பார்த்ததால் வந்தது என்ற பேச்சை இனியாவது விடுவோம்.) 1980களில் காலியில், லண்டன் மருத்துவர் மைக்கேல் மார்ஸ் தலைமையில் நடந்த ஆய்வில், சத்திரசிகிச்சையே செய்யாமல் வளர்ந்தவர்களின் மேல்தாடை ஏறக்குறைய இயல்பாக வளர்ந்திருப்பது தெரியவந்தது. தாடை பின்தங்குவதற்குப் பிளவைவிடச் சிறுவயதுச் சத்திரசிகிச்சையின் தழும்பே பெரிய காரணம் என்பதை உலகம் அறிந்ததில் நமது தீவுக்கும் பங்குண்டு. அதற்காகத் தைக்காமல் விடக்கூடாது. பாலூட்டலும் பேச்சும் உலகத்தின் பார்வையும் இருக்கின்றனவே. ஆனால் பின்தங்கிய தாடையின் மேல் நிற்கும் உதட்டுக்கு ஃபில்லர் ஏற்றுவது அத்திவாரத்தை விட்டுச் சுவருக்குப் பூசுவது. இவர்கள் போக வேண்டிய இடம் சலூன் அல்ல. யாழ் போதனா வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம். அங்கே காசில்லை, வரிசை உண்டு.

மற்றக் கேள்விகள் சுருக்கமாக.

நேற்றுவரை நேராக இருந்த வாய் இன்று திடீரெனக் கோணினால்? பாரிசவாதமாக இருக்கலாம், நாலரை மணி நேரத்துக்குள் இரத்தக்கட்டியைக் கரைக்க வாய்ப்புண்டு, அம்புலன்ஸுக்கு 1990ஐ அழையுங்கள்.

அது வெறும் முகவாதம் என்றால்? மூன்று நாளுக்குள் ஸ்டீரொயிட் தொடங்கினால் நல்லது. பெரும்பாலானோர் தேறிவிடுவார்கள், ஊசிக்கடைக்கு அவசரப்பட வேண்டாம்.

வெற்றிலை போடும் அம்மம்மாவின் உதட்டில் ஒரு பக்கம் தடிப்பு? இரண்டு மூன்று கிழமையில் மாறாவிட்டால் புற்றுநோய்ச் சோதனை.

உதட்டுக்கு நிறம் குத்தினால் நேராகத் தெரியுமா? தெரியும், ஆனால் உதட்டில் அக்கி வருபவர்களுக்கு அது மீண்டும் கிளம்பலாம், பிடிக்காமல் லேசரால் அழிக்கப் போனால் சில மைகள் கறுத்துவிடும்.

கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும்? வேண்டாம்.

கல்யாணத்துக்கு எத்தனை நாள் முன்? வீக்கமும் கன்றலும் அடங்க இரண்டு கிழமை, திருத்தம் செய்ய இன்னும் இரண்டு. ஒரு மாதத்துக்குள் என்றால் லிப்ஸ்டிக்கே போதும்.

ஏதாவது பிழையாகிவிட்டால் எங்கே முறையிடுவது? மருத்துவர் என்றால் மருத்துவ சபையில், நிலையம் என்றால் தனியார் சுகாதாரச் சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபையில். ஆனால் பற்றுச்சீட்டும் மருந்துப் பெட்டியின் தொகுதி இலக்கமும் இல்லாமல் எந்த முறைப்பாடும் நிற்பது கடினம், அதனால் ஊசி ஏறுவதற்கு முன்பே அந்த லேபலைக் கைபேசியில் படமெடுத்து வையுங்கள்.