பறக்காத விமானமும் பயணச்சீட்டுப் பணமும்



தோட்டத்து வீடுகளில் ஊருக்குப் போவது என்பது திடீரென்று எடுக்கும் முடிவு அன்று. குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டது, தம்பி மகள் கல்யாணம், பாட்டியைக் கடைசியாக ஒருமுறை பார்க்கும் ஆசை என்று ஏதாவது ஒன்று மனத்தில் இருக்கும். அதற்காகக் கூட்டுக் கட்டிப் பணம் சேர்ப்போம். அப்படிச் சேர்த்த பணத்தில் வாங்கிய பயணச்சீட்டு, விமானம் பறக்காததால் வீணாகிப் போனால் என்ன செய்வது? இன்று அதைப் பார்ப்போம்.

கொள்ளைநோய் பயணத்தில் குறுக்கிடுவது நமக்குப் புதிதல்ல. கப்பல் காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் பினாங்குக் கரையில் கால் வைக்குமுன் ஜெரஜாக் தீவில் தனிமைப்படுத்தி வைக்கப்பட்டார்கள். அன்று போனது நாள். 2020இல் நாளோடு பணமும் மாட்டிக்கொண்டது.

அந்த ஆண்டு மார்ச் மாதத்தைக் கொஞ்சம் நினைவுக்குக் கொண்டு வாருங்கள். 13ஆம் தேதி முதல் இந்தியா, ஒருசில வகைகளைத் தவிர, முன்பே கொடுத்திருந்த விசாக்களையெல்லாம் நிறுத்தி வைத்தது. 17ஆம் தேதி மலேசியாவிலிருந்து பயணிகள் வருவதற்கே தடை விதித்தது. 18ஆம் தேதி நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. மலேசியர் வெளிநாடு போகக்கூடாது என்பதும் அதில் ஒன்று. 22ஆம் தேதி முதல் இந்தியாவில் வழக்கமான வெளிநாட்டுப் பயணிகள் விமானங்கள் இறங்கத் தடை வந்தது. பத்தே நாளில் நான்கு கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்தப்பட்டன.

இந்தத் தேதிகளை நான் வரிசையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 13ஆம் தேதி விசா நின்றது. ஆனால் அன்றே எல்லா விமானங்களும் நின்றுவிடவில்லை. விசா இல்லையே என்று பதறிப்போய், ‘நான் வரவில்லை, என் சீட்டை ரத்துச் செய்யுங்கள்’ என்று சொன்னவர், சட்டத்தின் கண்ணுக்குத் தாமாகப் பயணத்தைக் கைவிட்டவர். மலிவுச் சீட்டுகளில் அப்படிக் கைவிட்டால் கட்டணம் திரும்புவதில்லை. பயன்படுத்தாத விமான நிலைய வரியை மட்டும் கேட்டு வாங்கலாம். நான்கைந்து நாள் பொறுத்திருந்து, நிறுவனமே ‘விமானம் இல்லை’ என்று அறிவித்த பிறகு கேட்டவரோ, தமக்கு வரவேண்டிய பணத்தைக் கேட்டவர். இருவரும் ஒரே விமானத்துக்குச் சீட்டு வாங்கியவர்களாகக்கூட இருக்கலாம். முதலில் கைவிட்டது யார் என்பதே கேள்வி. ஆகவே நிறுவனத்திடமிருந்து ரத்து அறிவிப்பு வரும்வரை நீங்களாக எந்தப் பொத்தானையும் அழுத்தவேண்டாம். பிள்ளைகளிடமும் இதைச் சொல்லி வையுங்கள், கைப்பேசி அவர்கள் கையில்தானே இருக்கிறது!

அடுத்தது வவுச்சர். 2020இல் பலருக்குக் கையில் கிடைத்தது பணம் அன்று, ‘பின்னால் பறந்துகொள்ளலாம்’ என்ற வரவுக் கணக்கு. பணத்துக்குத் தட்டுப்பட்ட நிறுவனங்கள் அதைத்தான் விரும்பின. ஓராண்டுக் கெடு என்றால் கேட்க நீளமாகத்தான் இருந்தது. ஆனால் மலேசிய எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1ஆம் தேதி. 2020 மார்ச்சில் வாங்கிய ஓராண்டு வவுச்சர், எல்லை திறப்பதற்கு ஓராண்டுக்கு முன்பே காலாவதியாகிவிடும். கெடு நீட்டிக்கப்பட்டவர்கள் தப்பினார்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு. தொலைதூரங்களுக்குப் பறந்த ஏர் ஏசியா எக்ஸ் நிறுவனம் 2020இல் கடன் சீரமைப்பில் இறங்கியபோது, பணம் திரும்பவேண்டிய பயணிகளும் கடன்காரர் வரிசையில் நிற்கவேண்டியதாயிற்று.

இந்தியாவில் இந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 அக்டோபர் 1ஆம் தேதி வந்த தீர்ப்பின்படி, ஊரடங்கின்போது, அந்த ஊரடங்குக் காலப் பயணத்துக்கே பதிவு செய்த சீட்டுகளுக்கு மூன்று வாரத்தில் பணம் திரும்பவேண்டும். மற்றவற்றுக்கு வரவுக் கணக்கு கொடுக்கலாம்; ஆனால் 2021 மார்ச் 31க்குள் அதைப் பயன்படுத்தாதவருக்குப் பணமாகவே கொடுத்துவிடவேண்டும். முகவர் வழியாக வாங்கிய சீட்டானால், முகவர் அந்தப் பணத்தை உடனே பயணியிடம் சேர்க்கவேண்டும் என்பதும் தீர்ப்பில் இருந்தது.

முகவர் என்றதும் நம்மவர் பலருக்கு ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியா நினைவுக்கு வரும். ரொக்கமாகக் கொடுத்துச் சீட்டு எடுத்து வருவோம். இதில் ஒரு நெளிவு இருக்கிறது. முகவர் தம் அட்டையிலோ கணக்கிலோ கட்டியிருந்தால், திரும்பும் பணமும் முதலில் அங்கேதான் போகும். பதிவில் அவருடைய மின்னஞ்சலைக் கொடுத்திருந்தால் ரத்து அறிவிப்பும் அவருக்குத்தான் போகும். நமக்குத் தெரியாமலே நாள் கடந்துவிடும். ஆகவே உரிமம் பெற்ற முகவரிடம் போங்கள். தொகை எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். பதிவில் உங்கள் வீட்டுக் கைப்பேசி எண் இருக்கட்டும். ஆறு எழுத்துள்ள பதிவுக் குறியீட்டைக் குறித்து வையுங்கள். அதுதான் சீட்டின் சாவி.

பினாங்குக்காரருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. சென்னைக்கு இங்கிருந்து இண்டிகோவின் நேரடி விமானம் தொடங்கியது 2024 டிசம்பரில்தான். அதற்குமுன் நம்மவர் பெரும்பாலும் பாயான் லெப்பாசிலிருந்து கோலாலம்பூர் போய், அங்கிருந்து திருச்சிக்கோ சென்னைக்கோ போனார்கள். திருச்சிக்குப் போகிறவர்கள் இன்றும் அப்படிப் போகிறார்கள். இரண்டையும் தனித்தனிச் சீட்டாக வாங்கினால், திருச்சி விமானம் ரத்தானாலும் கோலாலம்பூர் விமானம் பறந்துவிடும். அந்தப் பணத்தைக் கேட்க வழியில்லை. ஒரே பதிவில் இரண்டும் இருந்தால் பயணம் முழுவதற்கும் நிறுவனம் பொறுப்பு. விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும், வயதானவர்களை அனுப்பும்போது ஒரே பதிவுதான் நல்லது என்பது என் எண்ணம்.

இப்போது விதி என்ன? மலேசிய விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு நெறி 2016இல் வந்தது. ரத்தான விமானத்துக்கு 30 நாளில் பணம் திருப்பவேண்டும் என்கிறது அது. 2024 செப்டம்பர் 2ஆம் தேதி முதல் நடப்பில் உள்ள திருத்தம் இன்னும் ஒரு படி போகிறது: எந்த வழியில் கட்டினீர்களோ அந்த வழியிலேயே பணம் திரும்பவேண்டும். ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானாலும், நீங்கள் பயணத்தை விட்டுவிட்டுப் பணத்தைக் கேட்கலாம். 2020இல் இப்படி ஒரு வாசகம் இருந்திருந்தால் எத்தனையோ குடும்பங்கள் அலைந்திருக்க மாட்டா.

முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். எழுதிய தேதியையும் அவர்கள் தரும் புகார் எண்ணையும் குறித்து வையுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்துக்குப் போகலாம். முன்பு தனியாக இருந்த விமானப் போக்குவரத்துக் கமிஷன் 2025 ஆகஸ்டு 1 முதல் அதனோடு சேர்ந்துவிட்டது. கடிதம் எழுதத் துணை வேண்டுவோர் ஜாலான் மஸ்ஜிட் நெகிரியில் உள்ள பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம், தமிழிலேயே பேசலாம். போகும்போது ரசீது, ரத்து அறிவிப்பு, கடப்பிதழ் மூன்றுக்கும் நகல் எடுத்துச் செல்லுங்கள். மூலப் பிரதிகள் வீட்டிலேயே இருக்கட்டும்.