நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்றவர் கேமில் லெவல் ஏற முடியுமா? எக்ஸ்பி-க்கு மாற்று என்ன?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து, மின்சார ரயிலில் வீடு திரும்புகிறார் ஒரு தொழிலாளி. கேம் ஆட அவருக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். நாள் முழுக்க ஆடும் காலேஜ் பையன் அதற்குள் பத்து லெவல் மேலே போயிருப்பான். இத்தனைக்கும் இவர்தான் நல்லா ஆடுவார்!

ஏன் இப்படி?

காரணம் எக்ஸ்பி, அதாவது அனுபவப் புள்ளி. எதிரியை வீழ்த்தினால் புள்ளி, புள்ளி சேர்ந்தால் லெவல். 1974-ல் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மேஜை விளையாட்டில் இருந்து பிரபலமான முறை இது. திறமையைவிட, ஆடிய நேரத்துக்கே இதில் மதிப்பு அதிகம். நேரமில்லாதவரிடம் சில கேம்கள் 'டபுள் எக்ஸ்பி' என்று காசுக்கு விற்கின்றன.

சரி, மாற்று வழிகள் என்ன?

செய்யச் செய்ய வளரும் திறன்: 1997-ல் வந்த 'அல்டிமா ஆன்லைன்' கேமில் லெவலே கிடையாது. வாள் வீசினால் வாள் திறன் ஏறும், இரும்பு அடித்தால் கொல்லர் திறன் ஏறும். வெல்டிங் டிரெய்னிக்குக் கை பழகுவது மாதிரி. ஆனால், மேக்ரோ போட்டு ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்துவிட்டு, பலர் தூங்கப் போனார்கள்.

கடிகார முறை: 2003-ல் வந்த 'ஈவ் ஆன்லைன்' கேமில் எந்தத் திறன் வேண்டும் என்று வரிசை போட்டால் போதும். நீங்கள் வேலையில் இருந்தாலும் பயிற்சி நடக்கும். ஷிஃப்ட் ஆட்களுக்கு ஏற்றது. ஆனால் 2016-ல் திறன் புள்ளிகளை வாங்கி விற்கும் வசதி வந்ததும், இங்கேயும் காசு நுழைந்தது.

ஆயுத முறை: 'மான்ஸ்டர் ஹன்டர்' கேமில் லெவல் ஏறியதால் பலம் கூடாது. வேட்டையாடிய மிருகத்தின் பாகங்களில் செய்யும் ஆயுதமும் கவசமும்தான் பலம்.

ரேட்டிங் முறை: நமக்குத் தெரிந்த செஸ் கணக்கு. ஈலோ முறையை ஃபிடே 1970-ல் ஏற்றது. பலமானவரை வென்றால் அதிகம் ஏறும், தோற்றால் இறங்கும். எத்தனை மணி நேரம் ஆடினீர்கள் என்று அது கேட்காது. ஆனால் தூக்கக் கலக்கத்தில் ஆடினால், சேர்த்ததும் போகும்!

நேரத்துக்கே வரம்பு போட்டால்?

அதுவும் நடந்திருக்கிறது. 2023 மே மாதம் பிஜிஎம்ஐ இந்தியாவுக்குத் திரும்பியபோது, 18 வயதுக்கு உட்பட்டோருக்கு நாளைக்கு 3 மணி நேரம், மற்றவர்களுக்கு 6 மணி நேரம் என்று வரம்பு வைக்கப்பட்டது. போட்டி கொஞ்சம் சமமாகலாம். ஆனால் ஒரு மணி நேரம் மட்டுமே உள்ளவருக்கு 6 மணி நேரமும் பெரிய இடைவெளிதான்.

அப்போ எதைப் பார்த்து கேம் தேர்வு செய்வது?

இன்ஸ்டால் செய்யும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு வாரம் ஆடாவிட்டால் எவ்வளவு பின்தங்குவேன்? காசு கொடுத்தவர் என்னைவிட பலசாலி ஆகிவிடுவாரா? நான் நன்றாக ஆடியது எங்காவது கணக்கில் வருமா? மூன்றுக்கும் பதில் பிடிக்கவில்லை என்றால், அந்த ரயில் பயணத்தில் தூங்குவதே லாபம்.