பீஸ் கட்டை காப்பது கம்பியை. குழந்தையைக் காப்பது எது?

விருத்தாசலம் செராமிக் தொழிலைப் பற்றி எங்கள் நல்லூர் ஒன்றியத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அகல் விளக்கும் பொம்மையும் செய்யும் அதே ஊரில்தான் மின்சாரத்துக்கான பீங்கான் பொருள்களும் தயாராகின்றன. மெயின் போர்டில் கழற்றி மாட்டும் வெள்ளை பீஸ் கட்டையும் அப்படிப்பட்ட ஒன்று. வகுப்பில் அதைக் காட்டி, "இது எதற்கு?" என்று கேட்டால், "ஷாக் அடிக்காம இருக்கிறதுக்கு சார்" என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது. பெரியவர்கள் பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். பிளக் பாயிண்ட் விஷயத்தில் நாம் காட்டும் அலட்சியத்துக்கு இந்த நம்பிக்கை ஒரு முக்கியக் காரணம். பத்தாம் வகுப்பில் நடத்தும் ஓம் விதியைக் கொண்டே இதைச் சரிபார்க்கலாம்.

ஒரு சிறு கணக்கு

நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். ஈரமான உடலின் மின்தடையைச் சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230-ஐ 1000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். இதில் சுமார் எட்டில் ஒரு பங்கு, 30 மில்லி ஆம்பியர் அளவே உயிருக்கு ஆபத்தானது. ஆனால் 5 ஆம்பியர் பீஸ் கம்பி உருக வேண்டுமானால், 5000 மில்லி ஆம்பியருக்கு மேல் பாய வேண்டும். ஒரு குழந்தைக்கு ஷாக் அடித்துக்கொண்டிருக்கும்போதும் பீஸ் போகாமல் அப்படியே இருக்கும். சுவரில் ஓடும் கம்பி சூடேறித் தீப்பிடிக்காமல் காப்பதே பீஸின் வேலை. நாம் டிரிப்பர் என்று சொல்லும் எம்.சி.பி.க்கும் அதே வேலைதான்.

மூன்றாவது துளை

ஆளைக் காப்பதில் முதல் பங்கு சாக்கெட்டின் மேலே உள்ள பெரிய துளைக்கு. அதுதான் எர்த். தேய்ப்புப் பெட்டிக்குள் மின்னோட்டக் கம்பி அறுந்து உலோக உடலைத் தொட்டுவிட்டதாகக் கொள்வோம். எர்த் சரியாக இருந்தால், தடை குறைந்த அந்த வழியே பெரும் மின்னோட்டம் பாயும். பீஸ் உடனே போகும். எர்த் இல்லையென்றால், பெட்டியைத் தொடுகிறவரின் உடலே வழியாகிவிடும்.

பிளக்கில் எர்த் பின் மட்டும் ஏன் நீளமாகவும் தடிமனாகவும் இருக்கிறது என்று மாணவர்களைக் கேளுங்கள். நீளமாக இருப்பதால் செருகும்போது முதலில் இணைகிறது, பிடுங்கும்போது கடைசியில் விலகுகிறது. தடிமனாக இருப்பதால் மற்ற துளைகளில் தவறியும் நுழையாது. அந்தப் பின்னை வெட்டுவதும், மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் மாட்டுவதும் இந்தப் பாதுகாப்பைக் கழற்றி எறிவதற்குச் சமம். பிளக் இல்லாத ஒயரைத் துளையில் விட்டுத் தீக்குச்சி சொருகுவது இன்னும் மோசம்.

இரண்டாவது காவல் ஆர்.சி.டி. என்னும் மின்கசிவுத் தடுப்புச் சாதனம். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால், நொடியில் ஒரு சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டிக்கும். ஆனால் ஒரு குழந்தை இரண்டு துளைகளிலும் கம்பியை விட்டு, உடல் வழியே இரண்டுக்கும் இடையில் மட்டும் மின்சாரம் பாய்ந்தால், போனது அப்படியே திரும்பி வருவதால் ஆர்.சி.டி.க்கு வித்தியாசம் தெரியாது. அதனால்தான் தொடக்கப் பள்ளிகளில் துளைகளுக்குள் மூடி வைத்த சாக்கெட் அவசியம்.

ஆறா, பதினாறா?

சிறிய சாக்கெட் 6 ஆம்பியர், பெரியது 16 ஆம்பியர். 6-ஐ 230-ஆல் பெருக்கினால் 1380 வாட். ஆசிரியர் அறையில் உள்ள 1500 வாட் மின்கெட்டிலுக்கு ஆறரை ஆம்பியர் தேவை; ஆகவே அது பெரிய சாக்கெட்டில்தான் இருக்க வேண்டும். ஸ்மார்ட் வகுப்பறைக்கான எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அதை மாட்டினால் பிளாஸ்டிக் இளகும் வாடை வரும். அப்போதும் பீஸ் போகாவிட்டால், அங்கே பீஸ் கம்பிக்குப் பதிலாகச் செம்பு இழைகளை முறுக்கிக் கட்டியிருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.

ஆண்டு விழாவின்போது வகுப்பறை சாக்கெட்டிலிருந்து மேடைக்கு ஒயர் இழுக்கிறோம். சுருளில் மீதி ஒயரை விட்டுவைத்தால் உள்ளே வெப்பம் தேங்கும். முழுவதும் பிரித்துவிட வேண்டும். ஒயரில் எர்த்துக்கான மூன்றாவது இழை இருக்க வேண்டும். டேப் சுற்றிய இணைப்பு எதுவும் தரையில் கிடக்கக் கூடாது.

மாதம் ஒரு முறை

மாதத்தின் முதல் வேலை நாளில் நாங்கள் பார்ப்பவை இவை:

1. உடைந்த, கருகிய, ஆடும் சாக்கெட் உள்ளதா? இருந்தால் சுவிட்சை அணைத்து, மேலே தாள் ஒட்டி, தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுக்கிறோம்.
2. ஆர்.சி.டி.யில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் இணைப்பு துண்டிக்கப்படுகிறதா?
3. மழை ஒழுகும் சுவரில் சாக்கெட் உள்ளதா?
4. எர்த் குழி காய்ந்து கிடக்கிறதா? கோடையில் தண்ணீர் ஊற்றுகிறோம்.

எர்த் வேலை செய்கிறதா என்று சோதிப்பது உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனின் வேலை. மாணவர்களுக்கு ஒரே விதி: பார்க்கலாம், சொல்லலாம், தொடக் கூடாது.

யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை அணைக்க வேண்டும். முடியாவிட்டால், காய்ந்த இடத்தில் நின்று காய்ந்த மரக்கட்டையால் விலக்கிவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பது பள்ளியில் உள்ள ஒவ்வொரு ஆசிரியருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அது இருக்கும் அறையைப் பள்ளி நேரத்தில் பூட்டி வைக்கக் கூடாது.

பீங்கானை வைத்து எளிய சோதனை ஒன்றும் செய்யலாம். புதிய மண் அகலில் ஒரு சொட்டு நீர் விடுங்கள், உறிஞ்சிக்கொள்ளும். எங்கும் மாட்டாத புதிய பீஸ் கட்டையின் பளபளப்பான மேற்பரப்பில் விடுங்கள், உருண்டு வழியும். மெருகு பூசிச் சுட்ட பீங்கானுக்குள் நீர் இறங்காததால்தான் அதை மின்காப்பாகப் பயன்படுத்துகிறார்கள். ஈரத்துக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு இதில் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். அதன்பின், ஈரக்கையோடு சுவிட்சைத் தொடாதே என்பதற்கான காரணத்தை அவர்களே சொல்வார்கள்.