பழைய காரில் பொறி எங்கே தொலைகிறது?

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைச்சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். பாதி தூரம் ஏறியதும் பழைய அம்பாசடர் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிடுகிறது. செல்ஃப் அடித்தால் இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. பெட்ரோல் பம்ப் சூடாகிவிட்டது என்று ஒருவர் ஈரத்துணி தேடுவார். கார்புரேட்டரைக் கழற்றலாம் என்பார் இன்னொருவர். கைதேர்ந்த மெக்கானிக் முதலில் கேட்பது ஒன்றுதான்: "பிளக்குக்குக் கரண்ட் வருதுங்களா?"

அவர் கேட்கும் கரண்ட், பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறி. பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். பிளக் முனையின் இடைவெளியைத் தாண்டிப் பொறி விழப் பத்தாயிரம் வோல்ட் அளவுக்கு வேண்டும். அதை ஏற்றித் தருவது காயில். அதற்குள் தடித்த கம்பியில் ஒரு சுருளும் மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்றுள்ள இன்னொரு சுருளும் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் 'பாயின்ட்' என்ற குட்டி சுவிட்ச் மூடியிருக்கும்போது முதல் சுருளில் காந்தப்புலம் உருவாகும். பாயின்ட் திறந்ததும் அது சட்டென்று சரியும். அந்தச் சரிவில்தான் இரண்டாவது சுருளில் உயர் அழுத்தம் பிறக்கிறது. ரோட்டார் அதை ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்துப் பங்கிடுகிறது. அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய ஏற்பாடு இது. நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால், பாயின்ட் நொடிக்கு 100 முறை திறந்து மூடும்.

கோளாறைத் தேடுவதும் இதே பாதையில்தான். ஒரு பிளக்கின் ஒயரைக் கழற்றி, கையிருப்பில் உள்ள நல்ல பிளக் ஒன்றில் மாட்டி, அதன் உலோக உடம்பு இன்ஜினில் நன்றாகப் படும்படி வையுங்கள். கையால் பிடிக்காதீர்கள், பக்கத்தில் பெட்ரோல் கசிவு இருக்கக் கூடாது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்தச் சோதனைக்கு அருகில் வர வேண்டாம். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். நீல நிறத்தில் 'சட் சட்' என்று பொறி விழுந்தால் பாதை சரி. பெட்ரோல் பக்கத்தையோ பொறியின் டைமிங்கையோ பாருங்கள். மஞ்சளாக, மெலிந்து விழுந்தாலோ விழவே இல்லை என்றாலோ காயிலிலிருந்து வரும் நடு ஒயரைச் சோதியுங்கள். அங்கே நல்ல பொறி இருந்தால் குறை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலோ ரோட்டாரிலோ ஒயரிலோ. அங்கேயும் இல்லையென்றால் பாயின்ட், அது கருகாமல் காக்கும் கண்டன்சர், காயில், அல்லது அவற்றுக்கு வரும் 12 வோல்ட் இணைப்பு.

மூடியைத் திறந்தால் பாதி விடை கண்ணுக்கே தெரியும். பாயின்ட் முகம் கருகிக் குழிவிழுந்திருந்தால் கண்டன்சரைச் சந்தேகியுங்கள். பாயின்ட்டின் குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும், பொறியும் தாமதமாகும். வண்டி இழுவை இழந்து சூடேறும். பழைய அம்பாசடரில் இந்த இடைவெளி ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். அதைக் கண்மதிப்பில் வைக்காமல் ஃபீலர் கேஜால் அளந்து வையுங்கள்.

மழைக்காலத்தில் வால்பாறைப் பக்கம் மூடிக்குள் ஈரம் கோத்துக்கொள்ளும். உலர்ந்த துணியால் துடைத்தாலே பல வண்டிகள் கிளம்பிவிடும். துடைத்தும் இன்ஜின் விட்டுவிட்டு ஓடும் 'மிஸ்ஸிங்' நிற்கவில்லையென்றால், இருட்டில் இன்ஜினை ஓடவிட்டுப் பானெட்டைத் திறந்து பாருங்கள். மூடியில் மயிரிழை விரிசல் இருந்தால் அதன் மேல் நீலக் கோடு ஒன்று ஊர்ந்து ஓடும். பகலில் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அது கண்ணில் படாது.

ஒரு மணி நேரம் நன்றாக ஓடி, சூடேறியதும் நின்று, ஆறியதும் கிளம்பினால்? காயிலாக இருக்கலாம், பெட்ரோல் ஆவியாகிப் பம்ப் அடைத்ததாகவும் இருக்கலாம். ஆறும் வரை காத்திருந்தால் சாட்சி போய்விடும். நின்ற அந்த நிமிடமே பொறியைப் பார்த்துவிட வேண்டும்.

1920-ல் இந்த மலைக்குக் கீழே உள்ள பொள்ளாச்சியிலிருந்து பழநிக்கு ஒற்றைப் பேருந்து ஓட்டத் தொடங்கினார் கண்டுபிடிப்பாளர் ஜி. டி. நாயுடு. ஓட்டுநரும் அவரேதான். இயந்திரத்தைத் தானே தொட்டுக் கற்ற அவருடைய வழி பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இன்றும் பொருந்தும். பிளக், காயில், கண்டன்சர் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் வண்டி கிளம்பலாம். எது கெட்டிருந்தது என்பது கடைசிவரை தெரியாது. ஒயர்களைக் கழற்றும் முன் வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள்: அம்பாசடருக்கு 1-3-4-2. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் ஓட்டிப் பாருங்கள்.