உங்களுக்குத் தெரியுமா?

ஆட்டம் இழுத்துக்கொண்டே போகக் கூடாது என்று அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் 2021-இல், பருவம் தொடங்குமுன், சமநிலையில் நிற்கும் ஆட்டத்தைத் தீர்க்கும் கூடுதல் ஆட்ட விதியைத் திருத்தினார்கள். அதே பருவத்தில்தான் ஒரே ஆட்டத்தில் வரலாற்றிலேயே அதிகமாக 9 கூடுதல் சுற்றுகள் நடந்தன! அக்டோபர் 23-இல் நடந்த அந்த ஆட்டத்தில் இல்லினாய் அணி, பென் ஸ்டேட் அணியை 20–18 என வென்றது.

அதற்காக விதி தோற்றது என்பது அவசர முடிவு. 2018-இல், பழைய விதிப்படி, எல்.எஸ்.யூ., டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணிகள் மோதிய 7 கூடுதல் சுற்றுகளில், ஒவ்வொன்றிலும் இரு அணிக்கும் 25 யார்டு கோட்டிலிருந்து முழுத் தாக்குதல், முடிவு 74–72. புதிய விதிப்படி மூன்றாம் சுற்றிலிருந்து அணிக்கு ஒரே முயற்சி, அதுவும் 3 யார்டு தூரத்திலிருந்து. இல்லினாய் ஆட்டத்தில் 3 முதல் 7 வரையிலான சுற்றுகளில் 10 முயற்சிகளும் வீண். ஆனாலும் கடைசி 7 சுற்றுகளுக்கும் சேர்த்து 14 முயற்சிகள்தான். ஒற்றை முயற்சியில் வெற்றியைத் தீர்ப்பது கால்பந்தே அல்ல என்கிறார்கள் சிலர். அந்தக் குறையில் நியாயம் உண்டு. ஆனால் களைத்துப்போன மாணவர்களின் உடம்பு அதைவிட முக்கியம். எண்ண வேண்டியது சுற்றுகளை அல்ல, மோதல்களை.