மலைப்பாதையிலிருந்து மேடைக்கு

யோகோகாமா துறைமுகம் அருகே உள்ள டைகோகு கார் நிறுத்துமிடம், நெடுஞ்சாலைப் பயணிகள் சற்று இளைப்பாறக் கட்டியது. வார இறுதி இரவுகளில் அங்கே நடப்பது வேறு. தரையை உரசும் கார்கள் உறுமிக்கொண்டு வந்து வரிசை கட்டும். பானெட்டைத் திறந்து வைத்து எஞ்சினைக் காட்டுவார்கள். கூட்டம் மிஞ்சினால் போலீஸ் இடத்தையே மூடிவிடும். அடுத்த வாரம் மறுபடி வருவார்கள்.

ஒரு காலத்தில் இவர்களுக்கு நல்ல பெயர் கிடையாது. மலைப்பாதை வளைவுகளில் காரைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டுப் பழகிய கெய்ச்சி சுசியா, 'டிரிஃப்ட் மன்னர்' என்று புகழப்பட்டது பின்கதை. 1995ல் அரசு வாகன மாற்ற விதிகளைத் தளர்த்தியது. அதே ஆண்டு தொடங்கிய 'இனிஷியல் டி' சித்திரக்கதையில் டோஃபு கடைக்காரரின் மகன் ஓட்டிய பழைய டொயோட்டா ஏஇ86க்கு யோகம் அடித்தது. 2001ல் ஹாலிவுட்டின் 'ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்' இந்த மோகத்தை உலகெங்கும் கொண்டுபோனது.

1983ல் தொடங்கிய டோக்கியோ ஆட்டோ சலோன் கண்காட்சியில் இன்று டொயோட்டாவும் நிசானுமே அரங்கு போடுகின்றன. சிக்கல் விலையில். 25 வயதைக் கடந்த கார்களை அமெரிக்கா தாராளமாக அனுமதிப்பதால், 1999ல் வந்த ஸ்கைலைன் ஜிடி-ஆர் போன்றவை கப்பலேறுகின்றன. உள்ளூர் இளைஞனுக்கு எட்டுவதில்லை.

இந்திய ரசிகர்களுக்கு வேறு தடை. ஆலை தந்த அடிப்படை அம்சங்களை மாற்றக்கூடாது என்று 2019ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.